மேலே ஒரு வேட்டு, கீழே ஒரு வேட்டு: பழைய வி8 டிரக் ஒன்றின் பேக்ஃபயர்

வந்த வண்டி 1978 மாடல், முக்கால் டன் பிக்கப் டிரக். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், நாலு பேரல் கார்புரேட்டர், ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர், அதன் கேப்புக்குள்ளேயே காயில். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. ஓனர் வண்டியை விட்டு இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"கார்புரேட்டரை மூணு தடவை பிரிச்சாச்சு தம்பி. பிளக் புதுசு, வயர் புதுசு, பெட்ரோல் பம்ப் புதுசு. இன்னும் வேட்டு போடறது நிக்கல."

"வேட்டு எங்கேருந்து வருது? மேலே பானெட்டுக்குள்ளயா, பின்னாடி சைலன்ஸர்லயா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வெடிக்குதுப்பா. எங்கேன்னு யார் பார்த்தா?"

இந்தக் கேள்வியை முதலில் வண்டியைப் பார்த்தவர் யாரும் கேட்கவில்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது. பேக்ஃபயர் என்ற ஒரே சொல்லில் இரண்டு தனித்தனி நோய்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். கார்புரேட்டர் வாய் வழியாக மேலே வெடிப்பது ஒன்று, எக்ஸாஸ்ட் குழாயில் கீழே வெடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலே பிடுங்குவதற்குச் சமம். அவர் வண்டியில் அப்படித்தான் மூன்று தடவை கார்புரேட்டரைப் பிடுங்கியிருந்தார்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன்: எப்போது வெடிக்கிறது? அதற்குத் தெளிவான பதில் இருந்தது. பின்னால் லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது "டப், டப்" என்று வரிசையாக வெடிக்கும். மேடு முடிந்து இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் "டமார்" என்று ஒன்றே ஒன்று. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவரிடம் இருந்தது இரண்டு வண்டியின் கதை.

எடுத்தவுடன் ஓட்டிப் பார்த்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு, காலி வண்டி, சமதரை. காலை எடுத்தபோது பின்னால் வெடித்தது, அது சைலன்ஸர்தான், சந்தேகமில்லை. மேலே வெடிக்கும் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. நான் செய்த தவறு இங்கே தொடங்குகிறது. அவர் சொன்னது லோடும் மேடும். நான் ஓட்டியது காலியும் சமதரையும்.

கீழே வெடித்ததைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. காலை எடுத்ததும் திராட்டில் மூடிக்கொள்ளும், எஞ்சின் மட்டும் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வேக்கம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், திடீரென ஏறும். மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டியிருந்த பெட்ரோலெல்லாம் அந்த உறிஞ்சலில் ஆவியாகி உள்ளே போகும். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அது சிலிண்டரில் முழுசாக எரியாமல் எக்ஸாஸ்டுக்குத் தள்ளப்படும். அங்கே சூடு இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, இல்லாதது காற்று மட்டும். எங்கிருந்தாவது காற்று கிடைத்துவிட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பற்றி வெடிக்கும். ஆகவே தேட வேண்டியது பெட்ரோலை அல்ல, காற்றை.

காற்று வர இரண்டு வழி. ஒன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்பில் கேஸ்கட் ஓட்டை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, இணைப்புகளைச் சுற்றிக் கையை நெருக்கமாக வைத்துப் பார்த்தேன், கறுப்புக் கரி படிந்த தடமும் இல்லை, சிரிஞ்சில் அடித்த சோப்பு நுரையும் ஊதவில்லை. இரண்டாவது, அந்தக் காலத்துப் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த ஏர் பம்ப். பெல்ட்டில் ஓடும் அந்தச் சின்ன பம்ப், மிச்சப் புகை எரிந்துபோகட்டும் என்று எக்ஸாஸ்டுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். காலை எடுக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் காற்று உள்ளே போகக்கூடாது, போனால் இதே வெடிதான். அதற்காகவே டைவர்ட்டர் வால்வு என்று ஒன்று உண்டு. வேக்கம் திடீரென ஏறுவதை ஒரு மெல்லிய குழாய் வழியாக உணர்ந்து, ஓரிரு விநாடிகளுக்குக் காற்றை வெளியே திருப்பிவிடும். நல்ல வால்வாக இருந்தால், எஞ்சினை 2,500 சுற்றுக்கு ஏற்றித் திராட்டிலைப் பட்டென்று விடும்போது அதன் வாயிலிருந்து "புஸ்ஸ்" என்று காற்று சீறுவது காதில் விழும்.

சீறவில்லை. மெல்லிய குழாயைத் தொடர்ந்து போனேன். கார்புரேட்டரின் அடியில் போய் முடிந்தது. முனையில் ஒரு சின்ன ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கார்புரேட்டரின் நிப்பிளுக்கும் ஒரு ரப்பர் மூடி. மூன்று தடவை பிரித்துப் பூட்டியதில் ஏதோ ஒரு தடவை, எந்தக் குழாய் எங்கே போகும் என்று தெரியாமல், இரண்டு முனையையும் மூடிவிட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். குழாய் சரியாகத்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டினேன், புஸ் சத்தம் வந்தது, இறக்கத்தில் வெடிப்பது நின்றது. ஓனர் சந்தோஷமாகப் போனார், நானும் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"இறக்கத்துல சரியாப் போச்சு தம்பி. மேடுதான் அப்படியே இருக்கு. போன தடவை நீ மேடு ஏத்திப் பாக்கவே இல்லையே?"

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னால் ஆறு மூட்டை மணலைப் போட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேடு ஏறினேன். மூன்றாவது கியரில் திராட்டிலை முக்கால்வாசி திறந்ததும் ஆரம்பித்தது: டப். டப், டப். இந்த முறை சத்தம் காலுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள். ஒவ்வொரு வெடிக்கும் வண்டி ஒரு நொடி மூச்சுவிட்டு மீண்டும் இழுத்தது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் நின்றுவிடும், அழுத்தினால் திரும்ப வரும்.

மேலே வெடிப்பதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்டேக் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு இருக்கிறது. அந்த நெருப்பு மேனிஃபோல்டில் காத்திருக்கும் புதுக் கலவையைப் பற்றவைத்து, கார்புரேட்டர் வழியாக மேலே பாய்கிறது. நெருப்பு அங்கே எப்படி வந்தது என்பதற்கு நாலு வழி சொல்லலாம். கலவையில் பெட்ரோல் குறைந்து, மெதுவாக எரிந்து, எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் திறக்கும்வரை எரிந்துகொண்டே இருப்பது. ஸ்பார்க் தவறான நேரத்தில், தவறான சிலிண்டரில் விழுவது. வால்வு ஒழுங்காக மூடாமல் இருப்பது. நாலாவது ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அன்று எனக்கும் அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வழக்கமான சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாமே நல்லபடியாகத்தான் வந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி திராட்டிலைத் திறந்தால் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் இரண்டு நூல் பெட்ரோலும் உடனே பாய்ந்தன. புது பம்ப் அரை நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் ஊற்றியது, பிரஷர் ஆறு பவுண்டு. எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் இஜிஆர் வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டது. ஐட்லிங்கில் வேக்கம் கேஜில் முள் 17 அங்குலத்தில் நின்றது, எப்போதாவது ஒரு சின்னத் துடிப்பு. அந்தத் துடிப்பை அன்று நான் மதிக்கவில்லை. பற்றவைக்காத எரிவாயுக் குழாயை இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்புகளைச் சுற்றிக் காட்டினேன், எங்காவது காற்று உள்ளே இழுத்தால் எஞ்சின் வேகம் மாறும். மாறவில்லை. டைமிங் லைட்டில், வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்த்தால் ஸ்டிக்கரில் சொன்ன 8 டிகிரி சரியாக இருந்தது, சுற்று ஏற ஏற அட்வான்ஸும் ஏறியது.

கிராங்கையும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயினை மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தேன். இந்த வயது வி8 எஞ்சின்களில் சிலவற்றின் கேம் ஸ்ப்ராக்கெட்டில் பற்களுக்கு மேல் நைலான் பூச்சு இருக்கும், அது நொறுங்கி, செயின் பல் தாண்டிவிடும். தாண்டினால் வால்வுகள் எல்லாம் நேரம் தவறித் திறக்கும், மேலேயும் கீழேயும் வெடிக்கும். பார்ப்பது எளிது. டிஸ்ட்ரிப்யூட்டர் கேப்பைக் கழற்றி, ரோட்டரைப் பார்த்தபடி, கிராங்கை ஸ்பேனரால் ஒரு பக்கம் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ரோட்டர் அசையும் முன் கிராங்க் எத்தனை டிகிரி சும்மா சுற்றியது என்பதுதான் செயினின் தளர்வு. இதில் நாலு டிகிரிதான். பத்தைத் தாண்டியிருந்தால் சந்தேகமே இல்லாமல் மாற்றச் சொல்லியிருப்பேன்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எட்டு சிலிண்டரிலும் 145 பவுண்டுக்கும் 155 பவுண்டுக்கும் இடையில். 6-ஆம் சிலிண்டர் 152. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் கேப் என்னை ஏமாற்றியது. செயினைப் பார்க்கக் கழற்றிய கேப்பை வெளிச்சத்தில் சாய்த்தபோது, உள்பக்கம் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியது போல ஒரு மெல்லிய கோடு. கரித் தடம். மின்சாரம் ரோட்டரிலிருந்து தன் முனைக்குப் போகாமல், இந்தக் கோட்டில் ஏறிப் பக்கத்து முனைக்கு ஓடும் என்பதற்கு அதுதான் சாட்சி. கூடவே, புது வயர்கள் போட்டவர் 5-ஆம் சிலிண்டர் வயரையும் 7-ஆம் சிலிண்டர் வயரையும் ஒன்றாகச் சேர்த்து அழகாகக் கட்டி வைத்திருந்தார். பல வி8-களில் இருக்கும் 1-8-4-3-6-5-7-2 என்ற வெடிப்பு வரிசையில் 5-க்கு அடுத்தது 7, இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். வயர்கள் நீளத்துக்கும் ஒட்டிப் போனால், 5-இல் பாயும் மின்சாரத்தின் தூண்டலில் 7-இலும் நேரத்துக்கு முன்பே ஸ்பார்க் விழலாம். தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே போடுவார்கள்.

ஒரே எஞ்சினில் இரண்டு தவறு கண்ணுக்கு முன்னால் கிடந்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். புது கேப், புது ரோட்டர், வயர்களைத் தனித்தனிக் கிளிப்பில் போட்டேன். எஞ்சின் மென்மையானது, ஈர நாளில் கிளப்பும்போது வந்துகொண்டிருந்த தடுமாற்றம் போய்விட்டது என்று ஓனர் பிறகு சொன்னார். மணல் மூட்டைகளோடு மேடு ஏறினோம். அதே வளைவு, அதே மூன்றாவது கியர்: டப், டப்.

நிதானமாக உட்கார்ந்து யோசித்திருந்தால் கேப்பை நான் குற்றவாளி ஆக்கியிருக்க மாட்டேன். கரித் தடம் இருந்தது பக்கத்து முனைகளுக்கு நடுவில். கேப்பில் பக்கத்து முனை என்றால் வெடிப்பு வரிசையில் அடுத்த சிலிண்டர். அந்தச் சிலிண்டர் அப்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் நடுவில் இருக்கும், மேல் உச்சிக்கு இன்னும் 90 டிகிரி பாக்கி. இன்டேக் வால்வு ஏற்கெனவே மூடியாகிவிட்டது. அங்கே ஸ்பார்க் விழுந்தால் எஞ்சின் தட்டும், மிஸ் அடிக்கும், பிஸ்டனுக்கும் கெடுதல். ஆனால் மூடிய வால்வு வழியாக நெருப்பு மேலே வராது. 5, 7 வயர் விஷயமும் அதேதான். இரண்டும் சரிசெய்ய வேண்டிய கோளாறுகள், ஆனால் எங்களைக் கூப்பிட்ட கோளாறு அது இல்லை.

வெடிப்பு ஒரே சிலிண்டரிலிருந்து வருகிறதா, எல்லாவற்றிலிருந்துமா? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கார்புரேட்டர், டைமிங், செயின் என்று பொதுவான எதுவும் கெட்டிருந்தால் எட்டும் வெடிக்கும். வெடிப்பில் நேற்று நான் கேட்டது ஒரு தாளம், ஒழுங்கு இருந்தது. மேட்டில்தான் வரும் வெடியை ஷெட்டில் வரவழைக்க முடியுமா என்று பார்த்தேன். நியூட்ரலில் 2,500 சுற்றில் சில நிமிடம் பிடித்து வைத்து, சட்டென்று திராட்டிலைத் திறந்து மூடியபோது, மேட்டில் கேட்ட அதே "டப்" ஒன்றிரண்டு வந்தது. அது போதும்.

இதற்கு முன் ஒரு வார்த்தை: ஏர் ஃபில்டர் மாட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மேலே பாயும் தீயைத் தடுத்து வைப்பது அந்த ஃபில்டர் டப்பாதான். முகத்தைக் கார்புரேட்டர் வாய்க்கு மேலே நீட்டுவதும், பாட்டிலில் பெட்ரோலை எடுத்து ஊற்றிக் கிளப்புவதும் தீக்காயத்தில் முடியும் பழக்கங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சோதனை சலிப்பூட்டுவது. எஞ்சினை நிறுத்து, ஒரு பிளக்கின் வயரைக் கழற்று, வயர் முனையில் உபரி பிளக் ஒன்றை மாட்டு, அந்தப் பிளக்கின் உடம்பைக் கிளிப் வயரால் எஞ்சின் பிளாக்கில் எர்த் செய், கிளப்பு, 2,500-க்குக் கொண்டுபோய் வெடிக்கிறதா பார். வயரைச் சும்மா காற்றில் தொங்கவிட்டால் ஆகாது. இந்த இக்னிஷனில் மின்அழுத்தம் முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், போக இடம் கிடைக்காவிட்டால் கேப்பையோ மாட்யூலையோ துளைத்துக்கொண்டு போகும், உங்கள் கையையும் விடாது. ஒரு சிலிண்டரை முடக்கியபடி ரொம்ப நேரம் ஓட்டவும் கூடாது, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் சேரும்.

இடப்பக்கம் 1, 3, 5, 7 முதலில் முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் குலுங்கியது, வெடிப்பு நிற்கவில்லை. வலப்பக்கம் போனேன். 2-லும் வெடித்தது, 4-லும் வெடித்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் முழங்கை பட்டு ஒரு கோடு சுட்டுக்கொண்டது வேறு. 6-ஐ எர்த் செய்து கிளப்பி, 2,500-க்கு ஏற்றித் திறந்தேன். எஞ்சின் நொண்டியது. வெடிப்பு இல்லை. திரும்பத் திறந்தேன், இல்லை. ஐந்தாறு தடவை. பிறகு 6-ஐத் திரும்ப மாட்டினேன், முதல் திறப்பிலேயே "டப்".

6-ஆம் சிலிண்டரில் நெருப்பு பிறக்காவிட்டால் வெடிப்பும் இல்லை. அப்படியென்றால் அந்தச் சிலிண்டரில் பிறந்த நெருப்பே வெளியேற வேண்டிய வழியில் போகாமல், இன்டேக் வழியாகத் திரும்புகிறது. இன்டேக் வால்வு ஒழுகுகிறது என்றால் கம்ப்ரஷன் 152 வந்திருக்காது. மீதி இருப்பது நான் தள்ளிப்போட்ட நாலாவது வழி: எக்ஸாஸ்ட் வால்வு போதுமான அளவு திறக்கவில்லை.

எல்லோரும் எஞ்சின் மூச்சு இழுப்பதைப் பற்றியே கவலைப்படுவோம், வெளியே விடுவதை மறந்துவிடுவோம். எக்ஸாஸ்ட் வால்வு ஒரு கீற்று மட்டும் திறந்தால், எரிந்து முடிந்த வாயு வெளியே போக நேரம் போதாது. இன்டேக் வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் சூடும் அழுத்தமும் நிறைந்த வாயு அடைபட்டிருக்கும். திறந்த கதவு எதுவோ அதன் வழியாகப் பாயும். ஐட்லிங்கில் திராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் வாயுவே கொஞ்சம்தான், நேரமும் தாராளம். அதனால் வேக்கம் முள்ளில் ஒரு சின்னத் துடிப்போடு தப்பித்துக்கொள்ளும். லோடோடு மேடு ஏறும்போது வாயு பல மடங்கு, நேரம் சிறு பங்கு. ஓனர் முதல் நாள் சொன்ன விவரத்தில் விடை அப்படியே இருந்தது.

152 ஏன் வந்தது? ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றைச் சுற்றி. அந்த நிதானத்தில் கீற்றுத் திறப்பே காற்று வெளியேறப் போதும். வால்வும் மூடும்போது ஒழுங்காகவே மூடுகிறது. கம்ப்ரஷன் கேஜ் அடைப்பைத்தான் அளக்கும், திறப்பை அளக்காது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி ஒழுகலை அளக்கும் லீக் டவுன் டெஸ்ட் செய்திருந்தாலும் இதே கதைதான். எக்ஸாஸ்ட் அறவே திறக்காத சிலிண்டரில், அதே காற்றை மறுபடியும் அழுத்துவதால் எண் மற்ற சிலிண்டர்களைவிடக் கூடுதலாகக்கூட வரலாம், நோயாளி வகுப்பிலேயே முதல் மாணவனாகத் தெரிவான்.

வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்களை மூடியிருக்கும் வலப்பக்க ராக்கர் கவரைக் கழற்றினேன். இக்னிஷனை முடக்கிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றச் சொல்லிப் பார்த்தேன். எட்டு ராக்கர்களில் ஏழு நன்றாகத் தலையாட்டின. முன்னாலிருந்து மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும், கேட்டதற்குப் பாதி மனதோடு "ம்" சொல்வது போல ஒரு அசைவு. கண்ணால் பார்த்ததை நம்பாமல் டயல் கேஜ் வைத்தேன். மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகள் 10.2 முதல் 10.4 மில்லிமீட்டர்வரை இறங்கின. இது 3.8.

ஒரு டாப்பெட் சத்தம்கூட வராமல் இவ்வளவு தேய்மானமா என்று ஓனர் கேட்டார். கேம்ஷாஃப்டின் முட்டை வடிவ மேடான லோபின் மேல் உட்கார்ந்து, அதன் தள்ளலை மேலே கொண்டுபோகும் ஹைட்ராலிக் டாப்பெட் அப்படித்தான். லோபின் உச்சி தேய்ந்தாலும் அடிவட்டம் அப்படியே இருப்பதால், ஆயில் அழுத்தத்தில் இடைவெளியை நிரப்பிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்.

3.8 என்பதைப் பார்த்ததுமே கேம்ஷாஃப்ட் மீது பழியைப் போட்டுவிடக் கூடாது என்று இந்த முறை என்னையே கட்டுப்படுத்திக்கொண்டேன், கேப் கற்றுக்கொடுத்தது. ராக்கர் நட் தளர்ந்திருக்கலாம், இல்லை. டாப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்கும் புஷ் ராட் வளைந்திருக்கலாம். எடுத்துக் கண்ணாடிப் பலகையில் உருட்டினேன், நேராக உருண்டது. இந்த மாதிரி எஞ்சின்களில் ராக்கர் ஸ்டட் மரையில்லாமல் அழுத்திச் செருகியதாக இருக்கும், நாள்பட்டு மேலே வந்துவிடுவதும் உண்டு. நேர்க்கோல் ஒன்றை ஸ்டட்டுகளின் தலையில் வைத்தேன், எல்லாம் ஒரே உயரம். டாப்பெட் அமுங்கிப் போயிருக்கலாம், ஆனால் ராக்கர் பக்கத்தைக் கையால் அழுத்தியபோது கல் போலிருந்தது. இனி இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

டாப்பெட்டை வெளியே எடுக்கும்போதே தெரிந்தது. அடிமுகம் இயல்பாக மிக லேசாகக் குவிந்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும், இரண்டு டாப்பெட்டை முகத்தோடு முகம் ஒட்டி வைத்தால்தான் ஆடும். இது குழிந்திருந்தது. கட்டைவிரலின் வயிறு பொருந்தும் அளவுக்குக் குழி, நடுவே வட்டக் கீறல்கள். கேம்ஷாஃப்டில் 6-ஆம் எக்ஸாஸ்ட் லோப் முட்டையின் கூர்முனை மழுங்கியது போல உருண்டு கிடந்தது.

தட்டை டாப்பெட் கேமில் லோப் நேராக இருக்காது, ஓரத்துக்கு ஓரம் மிகச் சிறிய சாய்வு இருக்கும். அந்தச் சாய்வும் டாப்பெட் முகத்தின் குவிவும் சேர்ந்து, ஒவ்வொரு தள்ளலிலும் டாப்பெட்டைக் கொஞ்சம் சுற்றவைக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும்வரை தேய்மானம் பரவலாக விழும். ஏதோ ஒரு நாள் சுற்றுவது நின்றால் ஒரே இடத்தில் உரசி, லோபும் டாப்பெட்டும் ஒன்றையொன்று தின்று முடித்துவிடும். ஏன் நின்றது என்பதற்கு இந்த வண்டியில் என்னிடம் உறுதியான விடை இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சில வருடங்களாக அவர் ஊற்றி வந்தது இப்போதைய கார்களுக்கான மெல்லிய ஆயில். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் காப்பு கொடுப்பது ஆயிலில் கலந்த துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மம். அதன் பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் என்ற ஆயில் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று குறைத்தார்கள். ரோலர் டாப்பெட் எஞ்சினுக்கு அது போதும். தட்டை டாப்பெட்டுக்குப் பழைய எஞ்சின்களுக்கென்று தயாரிக்கும் ஆயிலே நல்லது என்பது என் கட்சி.

மற்ற பதினைந்து லோப்களையும் அளந்தேன், இன்னும் இரண்டில் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. கேம்ஷாஃப்டும் பதினாறு டாப்பெட்டும் செயினும் முழுசாகப் புதுசு. பழைய டாப்பெட்டைப் புதுக் கேமில் போட்டுக் காசை மிச்சப்படுத்தலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பழையது தான் பழகிய லோபின் வடிவத்தைத் தன் முகத்தில் வைத்திருக்கும், புதுக் கேமைச் சில மணி நேரத்தில் அழிக்கும். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்தால் வெள்ளித்தூள் மின்னியது, அதனால் ஆயில் பேனையும் இறக்கிக் கழுவினேன். இரண்டு பேரிங்கைத் திறந்து பார்த்தேன், கோடு விழுந்திருந்தாலும் ஓடும் நிலை.

புதுக் கேமைக் கிளப்புவது தனிக் கலை. லோப்களில் பூசிய கெட்டியான கிரீஸை ஸ்டார்ட்டரால் சும்மா சுற்றியே வழித்துவிடக் கூடாது. ஆகவே ஆயில் பம்ப்பைச் சுற்றும் பிரைமர் ராடால் ஆயிலை முன்பே மேலே ஏற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை முன்னரே குறித்து வைத்து, முதல் சுற்றிலேயே பற்றும்படி செய்தேன். பற்றியதும் ஐட்லிங்குக்கு விடாமல் நேராக 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி 25 நிமிடம். அதற்கப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றினேன்.

கடைசியில் அதே மணல் மூட்டைகளோடு அதே மேடு. மூன்றாவது கியரில் திராட்டிலை முழுசாகத் திறந்தோம். வளைவு தாண்டும்வரை ஓனர் ஒரு வார்த்தை பேசவில்லை, கை மட்டும் டேஷ்போர்டைப் பிடித்தபடி இருந்தது. உச்சிக்கு வந்து நான் காலை எடுத்தேன், பின்னாலும் சத்தமில்லை. "இதுக்கா மூணு தடவை கார்புரேட்டரைப் பிரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

800 கிலோமீட்டர் ஓடியபின் வரச் சொல்லி ராக்கர் கவரை மறுபடி திறந்தேன். 6-ஆம் எக்ஸாஸ்டில் டயல் கேஜை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றினேன். 10.3.